அமெரிக்க உள்நாட்டுப் போரின் காரணங்களையும் விளைவுகளையும் ஆராய்ந்து எழுதுவது எப்படி?

1861-லிருந்து 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி எழுதப் புகும் மாணவர் பெரும்பாலும் ஒரு பட்டியலோடுதான் தொடங்குகிறார். அடிமை முறை, மாநில உரிமை, சுங்க வரி, வடக்கின் தொழில் வளர்ச்சி, தெற்கின் வேளாண்மை, லிங்கனின் தேர்தல் வெற்றி என்று ஆறு காரணங்கள் வரிசையாக நிற்கும். ஆறுக்கும் ஒரே எடை தரப்பட்டிருக்கும். விளைவுகளும் அப்படியே: ஒன்றியம் (அதாவது அமெரிக்க ஐக்கிய நாடு) காக்கப்பட்டது, அடிமை முறை ஒழிந்தது, தெற்கு பாழடைந்தது என்ற மூன்று வரிகளோடு கட்டுரை முடிந்துவிடும். இவற்றில் எதுவும் முழுப் பொய் இல்லை. ஆனால் எந்தக் காரணம் எதைத் தாங்கியது, எது இல்லாமலிருந்தால் போர் வந்திருக்காது, எந்த விளைவு நிலைத்தது, எது பறிபோனது என்று ஒன்றையும் இந்தப் பட்டியலிலிருந்து அறிந்துகொள்ள முடியாது. காரணங்களை எடைபோடவும், விளைவுகளை அவற்றின் ஆயுளோடு சேர்த்துச் சொல்லவும் ஒரு முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில் கேள்வியைப் பிரித்துக்கொள்ள வேண்டும். “போர் ஏன் வந்தது?” என்பது பார்வைக்கு ஒரே கேள்வி, உள்ளே நான்கு கேள்விகள் இருக்கின்றன. தென்மாநிலங்கள் ஒன்றியத்தை விட்டு ஏன் விலகின? விலகல் ஏன் ஆயுதப் போராக மாறியது? களத்துக்குச் சென்ற தனி மனிதர்கள் எதற்காகச் சண்டையிட்டார்கள்? தொடங்கியபோது இருந்த நோக்கம் நடுவில் எப்படி மாறியது? இந்த நான்கையும் கலந்து பேசுவதால்தான் இன்றுவரை வீண் வாதங்கள் நடக்கின்றன. தன் வீட்டைக் காக்கப் போவதாக நினைத்துப் படையில் சேர்ந்த ஓர் ஏழை விவசாயியின் மனநிலை மூன்றாம் கேள்விக்குப் பதிலாகலாம். அது முதல் கேள்விக்குப் பதிலாகாது. அதேபோல், 1861-இல் வடக்கு அடிமைகளை விடுவிக்கும் நோக்கத்துடன் போரில் இறங்கவில்லை என்பது இரண்டாம் கேள்விக்குரிய உண்மை. அதை எடுத்து வந்து, தெற்கு விலகியதற்கும் அடிமை முறைக்கும் தொடர்பில்லை என்று நிறுவ முயல்வது தவறு.

விலகியவர்களின் வாக்குமூலத்தை முதலில் படியுங்கள்

முதல் கேள்விக்கான சான்று, விலகிய மாநிலங்கள் விலகிய வேளையில் தம் கைப்பட எழுதி வெளியிட்ட ஆவணங்களில் இருக்கிறது. தென் கரோலினா 1860 டிசம்பர் 20 அன்று விலகியது. நான்கு நாட்கள் கழித்து அதற்கான காரணங்களை ஓர் அறிக்கையாக வெளியிட்டது. மிசிசிப்பி, ஜார்ஜியா, டெக்சாஸ் ஆகியவையும் தத்தம் அறிக்கைகளை வெளியிட்டன. மிசிசிப்பியின் அறிக்கை, தமது நிலைப்பாடு அடிமை முறையோடு முழுமையாக ஒன்றிப்போனது என்றும், அம்முறையே உலகின் மிகப் பெரிய பொருளாதார நலன் என்றும் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறது. 1861 மார்ச் 21 அன்று ஜார்ஜியாவின் சவானா நகரில் பேசிய, விலகிய மாநிலங்கள் சேர்ந்து அமைத்த தென்மாநிலக் கூட்டமைப்பின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ், புதிய அரசின் மூலைக்கல்லே கறுப்பினத்தவர் வெள்ளையருக்குச் சமமானவர் அல்லர் என்ற கொள்கைதான் என்று வெளிப்படையாக அறிவித்தார். அதே மாதம் ஏற்கப்பட்ட கூட்டமைப்பின் அரசமைப்பு, அடிமைகளைச் சொத்தாக வைத்திருக்கும் உரிமையைக் குறைக்கும் எந்தச் சட்டத்தையும் அதன் நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்று தடை விதித்தது.

இங்கே ஒரு விதியைக் கடைப்பிடிக்க வேண்டும்: ஒவ்வொரு சான்றின் தேதியையும் பாருங்கள். போருக்கு முன் பேசியவருக்குத் தன் தரப்பு வெல்லும் என்ற நம்பிக்கை இருந்தது. மறைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. 1865-க்குப் பின் எழுதியவர் தோற்றவர்; அடிமை முறை உலகின் கண்முன் இழிவுற்றுவிட்ட பின் தம் செயலுக்கு வேறு நியாயம் தேடியவர். அதே ஸ்டீவன்ஸ் போருக்குப் பின் எழுதியபோது, சண்டை அரசமைப்புக் கோட்பாடு பற்றியது என்று விரிவாக வாதிட்டார். ஒரே மனிதரின் இரு கூற்றுகள் முரண்படும்போது, செயலுக்கு முன் சொன்னதற்கே கூடுதல் மதிப்பு தரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மாநில உரிமை என்ற வாதத்தைச் சோதிக்கும் முறை

“மாநில உரிமைக்காகத்தான் தெற்கு விலகியது” என்ற கூற்றை எதிர்கொண்டால், எதைச் செய்வதற்கான உரிமை என்று கேட்க வேண்டும்; பிறகு, மற்ற மாநிலங்களின் உரிமையைத் தெற்கு எப்படி நடத்தியது என்றும் பார்க்க வேண்டும். 1850-இல் நிறைவேறிய தப்பியோடிய அடிமைகள் சட்டம் இதற்கு நல்ல சோதனைக் களம். அந்தச் சட்டத்தின்படி, தப்பி வந்தவர் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது. நடுவர் குழு விசாரணையும் கிடையாது. அவரை அடிமைத்தனத்துக்குத் திருப்பி அனுப்பத் தீர்ப்பளிக்கும் ஒன்றிய ஆணையருக்குக் கட்டணம் 10 டாலர். விடுவித்தால் 5 டாலர். பிடிப்பதற்கு உதவுமாறு அழைக்கப்பட்டால் வட மாநிலக் குடிமக்களும் உதவியே ஆகவேண்டும். இதை எதிர்த்து வட மாநிலங்கள் சில தம் எல்லைக்குள் தப்பி வந்தவர்களுக்கான பாதுகாப்புச் சட்டங்களை இயற்றின. அது மாநில உரிமையின் நேரடிப் பயன்பாடு. ஆனால் தென் கரோலினாவின் அறிக்கை, அந்த வட மாநிலங்களைப் பெயர் பெயராக எண்ணி, ஒன்றியச் சட்டத்தைச் செயலற்றதாக்கிவிட்டன என்று குற்றம் சாட்டுகிறது. வடக்கு மாநிலங்கள் தம் உரிமையைப் பயன்படுத்தியதே விலகலுக்கு ஒரு காரணம் என்று விலகியவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள்.

இந்த முரண் போர்க்களத்திலேயே வெளிப்பட்ட ஒரு நிகழ்வு உண்டு. விர்ஜீனியாவின் கடற்கரையில் இருந்த மன்ரோ கோட்டை ஒன்றியத்தின் கையில் இருந்தது. 1861 மே 23 அன்று விர்ஜீனியா வாக்காளர்கள் விலகலை உறுதிசெய்தார்கள். அன்று இரவே ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மேலரி, ஜேம்ஸ் டவுன்செண்ட் என்ற மூன்று அடிமைகள் படகில் ஏறி அந்தக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். எதிர்க்கரையில் கூட்டமைப்புப் படைக்காகப் பீரங்கி மேடை கட்டும் வேலையில் அவர்கள் ஈடுபடுத்தப்பட்டிருந்தார்கள். மறுநாள் வெள்ளைக் கொடியோடு வந்த கூட்டமைப்பு அதிகாரி ஒருவர், தப்பியோடிய அடிமைகள் சட்டத்தின்படி அவர்களைத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டார். கோட்டைத் தளபதியான பெஞ்சமின் பட்லர் தொழிலால் வழக்கறிஞர். விர்ஜீனியா தன்னை வேறு நாடு என்று சொல்லிக்கொள்கிறது, ஆகவே அமெரிக்கச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று பதில் சொல்லி, அந்த மூவரையும் போரில் கைப்பற்றத்தக்க எதிரியின் உடைமை என்ற வகையில் தம்மிடமே இருத்திக்கொண்டார். மனிதரை உடைமை என்றே அழைத்த அந்தத் தர்க்கம் இன்று நம்மை உறுத்துகிறது, உறுத்தவும் வேண்டும். ஆனால் அது திறந்த வழியில் சில மாதங்களுக்குள் ஆயிரக்கணக்கானோர் ஒன்றியப் படை முகாம்களுக்கு வந்து சேர்ந்தார்கள். வாஷிங்டனில் கொள்கை மாறுவதற்கு முன்பே, அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள் தம் கால்களால் போரின் போக்கை மாற்றத் தொடங்கிவிட்டார்கள்.

மக்கள்தொகைக் கணக்கை விலகல் தேதிகளோடு அருகருகே வையுங்கள்

சொற்களைத் தாண்டி எண்களாலும் காரணத்தைச் சோதிக்க முடியும். இதற்கு வேண்டியது 1860-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் ஒவ்வொரு மாநிலமும் விலகிய தேதியும்தான். அந்த ஆண்டில் நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 3 கோடியே 14 லட்சம். அவர்களில் சுமார் 39 லட்சத்து 50 ஆயிரம் பேர் அடிமைகள். ஒரு தாளில் மாநிலங்களை விலகிய வரிசைப்படி எழுதி, பக்கத்தில் அங்கே அடிமைகள் மக்கள்தொகையில் எத்தனை விழுக்காடு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் விலகிய தென் கரோலினாவில் 57 விழுக்காடு. அடுத்து, 1861 ஜனவரி 9 அன்று விலகிய மிசிசிப்பியில் 55. தொடர்ந்து அதே மாதத்தில் புளோரிடா, அலபாமா, ஜார்ஜியா, லூசியானா. இவை 44-லிருந்து 47 விழுக்காடு வரை. பிப்ரவரி 1 அன்று டெக்சாஸ், 30. இந்த ஏழும் லிங்கன் பதவியேற்பதற்கு முன்பே போய்விட்டன. போரைத் தொடங்கிவைத்த சம்டர் கோட்டைத் தாக்குதலுக்குப் பிறகு, ஏப்ரலிலிருந்து ஜூன் வரை விலகிய விர்ஜீனியா, ஆர்கன்சா, வட கரோலினா, டென்னசி ஆகிய நான்கில் இந்த விகிதம் 25-க்கும் 33-க்கும் இடைப்பட்டது. அடிமை முறை இருந்தும் விலகாமல் ஒன்றியத்தில் நின்றவை நான்கு மாநிலங்கள்: கென்டக்கியில் 20 விழுக்காடு, மேரிலாந்தில் 13, மிசூரியில் 10, டெலாவேரில் 2-க்கும் குறைவு. ஏறத்தாழ படிக்கட்டுப் போலவே இந்த எண்கள் இறங்குகின்றன. சுங்க வரியையோ பண்பாட்டு வேறுபாட்டையோ அளவுகோலாக எடுத்துக்கொண்டால் இத்தனை ஒழுங்கான வரிசை கிடைக்காது.

மாநிலத்துக்குள்ளும் இதே சோதனையைச் செய்யலாம். விர்ஜீனியாவின் மேற்கு மலை மாவட்டங்களில் அடிமைகள் மக்கள்தொகையில் சுமார் 5 விழுக்காடுதான். அந்த மாவட்டங்கள் விர்ஜீனியாவிலிருந்தே பிரிந்து 1863-இல் மேற்கு விர்ஜீனியா என்ற புதிய மாநிலமாக ஒன்றியத்தில் சேர்ந்தன. டென்னசியின் கிழக்கு மலைப்பகுதி 1861 ஜூனில் நடந்த வாக்கெடுப்பில் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்துக்கும் மேலாக விலகலை எதிர்த்தது. அடிமை உழைப்பால் பருத்தியோ புகையிலையோ பயிரிட முடியாத மலைப்பகுதிகளில் விலகல் ஆர்வமும் குறைவாக இருந்தது என்பதை இந்த இரண்டும் காட்டுகின்றன.

“தெற்கில் பெரும்பாலான வெள்ளையரிடம் அடிமைகளே இல்லையே” என்ற எதிர்வாதம் இந்த இடத்தில் வரும். உண்மைதான், ஆனால் எண்ணிக்கையைக் குடும்ப அளவில் பார்க்க வேண்டும். விலகிய மாநிலங்கள் முழுவதிலும் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக் குடும்பங்கள் அடிமைகளை வைத்திருந்தன. தென் கரோலினாவிலும் மிசிசிப்பியிலும் இது பாதியை நெருங்கியது. அடிமைகளை வாடகைக்கு எடுத்தவர்கள், என்றாவது வாங்கலாம் என்று காத்திருந்தவர்கள், அடிமைகள் விடுதலையானால் தம் சமூக மேல்நிலை போய்விடும் என்று அஞ்சியவர்கள் ஆகியோர் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

இந்த எண்கள் சொல்லும் இன்னொரு செய்தியை எழுதுபவர் ஒருபோதும் மறக்கக் கூடாது. “தென் கரோலினா மக்கள் விலக முடிவெடுத்தார்கள்” என்று எழுதினால், அந்த மாநிலத்தில் பெரும்பான்மையாக இருந்த 4 லட்சம் அடிமைகளை மக்கள் என்ற கணக்கிலிருந்தே நீக்கிவிடுகிறோம். அவர்களும் தெற்கத்தியர்களே. ஆகவே “தெற்கு விரும்பியது”, “தெற்கு தோற்றது” போன்ற தொடர்களுக்குப் பதிலாக, “விலகலை ஆதரித்த வெள்ளையர்”, “கூட்டமைப்பு அரசு” என்று துல்லியமாக எழுதுங்கள்.

ஆழ்ந்த காரணத்தையும் உடனடிக் காரணத்தையும் இணைக்கும் முறை

அடிமை முறை அமெரிக்காவில் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக இருந்ததென்றால் போர் ஏன் 1861-இல் வந்தது என்பது நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல, நிலப்பரப்பு விரிவடைந்ததைப் பின்தொடர வேண்டும். மேற்கே சேர்ந்த ஒவ்வொரு புதிய நிலப்பகுதியும் அடிமை மாநிலமா, சுதந்திர மாநிலமா என்ற தகராறைக் கொண்டுவந்தது; ஏனெனில் நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் அவையில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு இடங்கள், அந்தச் சமநிலை குலைந்தால் அடிமை முறையைக் காக்கும் அரசியல் கவசம் போய்விடும். 1820-இல் மிசூரி சமரசம் 36 பாகை 30 கலை அட்சக்கோட்டை எல்லையாக வைத்து, மேற்குப் பகுதிகளில் அதற்கு வடக்கே அடிமை முறை கூடாது என்று தற்காலிக அமைதி கண்டது. 1846–48-இல் நடந்த மெக்சிகோ போர் பெருநிலப்பரப்பைக் கொண்டுவந்து பழைய தகராறைக் கிளறியது. 1854-இல் நிறைவேறிய கான்சாஸ்–நெப்ராஸ்கா சட்டம் 1820-இன் எல்லைக்கோட்டைத் துடைத்துவிட்டு, குடியேறிகளே வாக்கெடுத்து முடிவுசெய்யட்டும் என்றது. விளைவு, கான்சாஸில் இரு தரப்பும் ஆயுதத்தோடு மோதின. 1856 மே மாதம், அடிமை முறையைக் கண்டித்துப் பேசிய செனட்டர் சார்லஸ் சம்னரைத் தென் கரோலினாவின் கீழவை உறுப்பினர் பிரெஸ்டன் புரூக்ஸ் செனட் அவைக்குள்ளேயே கைத்தடியால் அடித்துச் சாய்த்தார். 1857-இல், விடுதலை கேட்டு வழக்காடிய டிரெட் ஸ்காட் என்ற அடிமையின் வழக்கில் உச்ச நீதிமன்றம், இன்னும் மாநிலமாகாத நிலப்பகுதிகளில் அடிமை முறையைத் தடைசெய்யக் காங்கிரசுக்கு (அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு) அதிகாரமில்லை என்றும், கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்றும் தீர்ப்பளித்தது. சமரசத்துக்கான வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டதை இந்த வரிசையில் காணலாம்.

1860 நவம்பரில் லிங்கன் வென்றது உடனடிக் காரணம். அவருக்குக் கிடைத்த வாக்குகள் 40 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. தென்மாநிலங்கள் பத்தில் அவர் பெயரிலான வாக்குச்சீட்டே வழங்கப்படவில்லை. அப்படியிருந்தும், குடியரசுத் தலைவரை முடிவுசெய்யும், மாநிலவாரியாக ஒதுக்கப்பட்ட தேர்வாளர் வாக்குகளில் அவருக்கு அறுதிப் பெரும்பான்மை கிடைத்தது. தெற்கின் ஒரு வாக்கும் இல்லாமல் ஒருவர் குடியரசுத் தலைவராக முடியும் என்ற நிலையே அடிமை உரிமையாளர்களை அச்சுறுத்தியது. தேர்தலைத் தனிக் காரணமாகப் பட்டியலிடாமல், மேலே சொன்ன சங்கிலியின் கடைசிக் கண்ணியாகக் காட்டுங்கள்.

சுங்க வரிக்கு நீண்ட இடம் தேவையில்லை. 1832–33-இல் தென் கரோலினா வரியை எதிர்த்து ஒன்றியத்தோடு மோதியது உண்மை; ஆனால் அப்போது வேறெந்த மாநிலமும் அதனுடன் சேரவில்லை, போரும் வரவில்லை. 1857-இன் வரி விகிதங்கள் பல பத்தாண்டுகளில் இல்லாத அளவு தாழ்ந்திருந்தன. வரியை உயர்த்திய மோரில் சட்டம் 1861 மார்ச்சில் நிறைவேறியது, அதுவும் ஏழு மாநிலங்களின் உறுப்பினர்கள் வெளியேறிவிட்ட பிறகு. விலகலுக்குப் பின் நிறைவேறிய சட்டம் விலகலுக்குக் காரணமாக முடியாது.

விலகல் போரானதும், போர் மாறியதும்

விலகலை லிங்கன் ஏற்க மறுத்ததும், ஒன்றியச் சொத்துகளைக் கைவிட மறுத்ததும், சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இருந்த சம்டர் கோட்டையின்மீது 1861 ஏப்ரல் 12 அன்று கூட்டமைப்புப் படை குண்டு வீசியதுமே போரின் தொடக்கம். அடிமை முறை இருக்கும் மாநிலங்களில் அதில் தலையிடும் நோக்கமில்லை என்று லிங்கன் தம் பதவியேற்பு உரையிலேயே உறுதி கூறியிருந்தார். ஆகவே 1861-இல் வடக்கின் நோக்கம் ஒன்றியத்தைக் காப்பது என்று எழுதுவது சரி. வடக்கையும் தூய்மையின் வடிவமாக வரைய வேண்டியதில்லை: மாசசூசெட்ஸ் ஆலைகள் அடிமைகள் பறித்த பருத்தியில் ஓடின, நியூயார்க் வணிகம் அதில் கொழித்தது, 1863 ஜூலையில் கட்டாயப் படைச்சேர்ப்பை எதிர்த்து நியூயார்க்கில் மூண்ட கலவரத்தில் கறுப்பினத்தவர் தெருவில் கொல்லப்பட்டார்கள்.

லிங்கன் 1862 ஆகஸ்ட் 22 அன்று பத்திரிகை ஆசிரியர் ஹோரஸ் கிரீலிக்கு எழுதிய கடிதம் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும். எந்த அடிமையையும் விடுவிக்காமல் ஒன்றியத்தைக் காக்க முடியுமானால் அப்படியே செய்வேன் என்ற வரியை மட்டும் வெட்டி எடுத்து, அவருக்கு அக்கறையே இருந்ததில்லை என்பார்கள். சூழலோடு படித்தால் வேறு செய்தி கிடைக்கும். அந்தக் கடிதத்துக்கு ஒரு மாதம் முன்பே, ஜூலை 22 அன்று, விடுதலைப் பிரகடனத்தின் முன்வரைவை அவர் தம் அமைச்சரவைக்குப் படித்துக் காட்டியிருந்தார். எடுத்துவிட்ட முடிவைத் தயங்கும் வடக்கத்திய வாக்காளர்கள் ஏற்கும்படி அந்தக் கடிதம் பக்குவப்படுத்தியது என்றே நான் கருதுகிறேன்.

1863 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த அந்தப் பிரகடனம், கூட்டமைப்பின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளின் அடிமைகள் விடுதலை பெற்றவர்கள் என்று அறிவித்தது; ஒன்றியத்தில் நின்ற நான்கு அடிமை மாநிலங்களுக்குப் பொருந்தவில்லை. ஆனால் கறுப்பினத்தவர் படையில் சேர அது வழிதிறந்தது. ஏறத்தாழ 1 லட்சத்து 80 ஆயிரம் பேர் தரைப்படையில் சேர்ந்தார்கள். அந்த நாளிலிருந்து, ஒன்றியத்தின் வெற்றியும் அடிமை முறையின் முடிவும் பிரிக்க முடியாதவை ஆயின.

விளைவுகளை ஆயுளோடு சேர்த்து எழுதுங்கள்

விளைவுகளில் முதலாவது உயிரிழப்பு. பழைய நூல்களில் இறந்தோர் 6 லட்சத்து 20 ஆயிரம் என்று காணப்படும். கூட்டமைப்பின் பதிவுகள் பெருமளவில் அழிந்துபோனதால் இது தொடக்கம் முதலே குறைபாடுள்ள எண். மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு 2011-இல் வெளியான ஆய்வு 7 லட்சத்து 50 ஆயிரம் என்று மதிப்பிட்டது. பின்னர் வந்த ஆய்வு ஏறத்தாழ 7 லட்சம் என்கிறது. எந்த எண்ணைப் பயன்படுத்தினாலும் அது மதிப்பீடு என்று குறிப்பிடுங்கள். களத்தில் காயத்தால் இறந்தவர்களைவிட முகாம்களில் நோயால் இறந்தவர்கள் அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பொருளாதார விளைவுகளில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 160 ஏக்கர் நிலத்தைக் குடியேறிகளுக்கு வழங்கிய வீட்டுநிலச் சட்டம், பசிபிக் ரயில்பாதைச் சட்டம், கல்லூரிகளுக்கு நிலம் ஒதுக்கிய சட்டம், வருமான வரி, ஒன்றியத்தின் காகிதப் பணம், தேசிய வங்கி முறை ஆகிய எல்லாம் 1861–63-இல் பிறந்தன. இவற்றைப் போர்ச் செலவின் விளைவு என்று மட்டும் சொன்னால் பாதியைத்தான் சொல்கிறோம். வீட்டுநிலத் திட்டம் 1860-இலேயே காங்கிரசைத் தாண்டி வந்து குடியரசுத் தலைவர் புக்கானனின் மறுப்பால் வீழ்ந்தது. தென்மாநில உறுப்பினர்கள் அவையை விட்டு வெளியேறியதால்தான் நெடுங்காலம் முடங்கிக் கிடந்த திட்டங்கள் சட்டமாயின. ஒன்றியத்தின் கடன் சுமார் 6.5 கோடி டாலரிலிருந்து ஏறத்தாழ 270 கோடி டாலராக உயர்ந்தது. மனிதர்களை விலைக்குரிய சொத்தாக எழுதிவைத்திருந்த தெற்கின் செல்வக் கணக்கு ஒரே அடியில் மறைந்தது.

சட்ட விளைவுகள் தெளிவானவை. அரசமைப்பின் 1865-இன் 13-ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 1868-இன் 14-ஆம் திருத்தம் குடியுரிமையையும் சட்டத்தின்முன் சமத்துவத்தையும் தந்தது. 1870-இன் 15-ஆம் திருத்தம் இனத்தின் பெயரால் வாக்குரிமையை மறுப்பதைத் தடைசெய்தது. மாநிலம் ஒன்று தானாக விலக முடியாது என்று 1869-இல் டெக்சாஸ் எதிர் ஒயிட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரும்பாலான கட்டுரைகள் இங்கே நின்றுவிடுகின்றன. நிற்கக் கூடாத இடம் இது.

சட்டத்தில் எழுதப்பட்டது எவ்வளவு காலம் கையில் இருந்தது என்று பாருங்கள். நிலத்தை எடுத்துக்கொள்வோம். 1865 ஜனவரியில் ஒன்றியப் படையின் தளபதி ஷெர்மன் பிறப்பித்த ஆணையின்படி தென் கரோலினா, ஜார்ஜியா, புளோரிடா கடலோரத்தில், விடுதலை பெற்ற கறுப்பினத்தவருக்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை ஒதுக்கப்பட்டு, ஏறத்தாழ 40,000 பேர் குடியேறினார்கள். லிங்கன் கொல்லப்பட்ட பின் பதவிக்கு வந்த ஆண்ட்ரூ ஜான்சன், மன்னிப்புப் பெற்ற பழைய உரிமையாளர்களுக்கே அந்த நிலங்களைத் திருப்பித் தரச் செய்தார். விதைத்துக் கொண்டிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள், அல்லது அதே நிலத்தில் பழைய எசமானரிடம் பங்கு வாரத்துக்கு உழுது, விளைச்சல் வருமுன்பே கடனில் மூழ்கினார்கள். விடுதலைக்குப் பின் வந்த வறுமைக்கு இந்த ஒரு முடிவு எவ்வளவு பொறுப்பு என்பதை எழுதாமல் விட்டால், அந்த வறுமை தானாக வந்தது போலத் தோன்றிவிடும்.

வாக்குரிமையின் கதை இன்னும் கூர்மையானது. 1867-க்குப் பின் ஒன்றியப் படையின் காவலில் தெற்கில் கறுப்பினத்தவர் வாக்களித்தார்கள், சட்டமன்றங்களில் அமர்ந்தார்கள். 1870-இல் மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் செனட் உறுப்பினரானார். எதிர்வினை வன்முறையாக வந்தது. கூ கிளக்ஸ் கிளான் போன்ற வெள்ளையின வெறிக் குழுக்கள் வாக்காளர்களை வேட்டையாடின. 1873 ஏப்ரலில் லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் கறுப்பினத்தவர் பலர் படுகொலை செய்யப்பட்டார்கள். 1877-இல் ஒன்றியப் படை தன் காவலைக் கைவிட்டதும், போருக்குப் பின் தெற்கை மீண்டும் ஒன்றியத்தோடு இணைத்துச் சீரமைக்க முயன்ற மறுசீரமைப்புக் காலம் முடிவுக்கு வந்தது. அதன்பின் 1890-இல் மிசிசிப்பி தொடங்கிவைத்த வழியில், வாக்களிக்கக் கட்ட வேண்டிய தலைவரி, எழுத்தறிவுத் தேர்வு போன்ற நிபந்தனைகள் மாநில அரசமைப்புகளில் நுழைந்தன. லூசியானாவில் 1896-இல் பதிவுபெற்ற கறுப்பின வாக்காளர்கள் 1,30,334 பேர். 1898-இல் புதிய மாநில அரசமைப்பு வந்தது. 1904-இல் பதிவில் எஞ்சியவர்கள் 1,342 பேர். 15-ஆம் திருத்தம் இந்த ஆண்டுகள் முழுவதும் சட்டப் புத்தகத்தில் ஒரு எழுத்தும் மாறாமல் இருந்தது.

போரின் நினைவு எப்படி வடிவமைக்கப்பட்டது என்பதும் ஒரு விளைவே. கூட்டமைப்புத் தளபதிகளுக்கும் வீரர்களுக்கும் எழுப்பப்பட்ட சிலைகளைச் சான்றாகக் காட்டுவதானால், அவற்றின் அடித்தளத்தில் பொறிக்கப்பட்டுள்ள ஆண்டைப் பாருங்கள். பெரும்பாலானவை போர் முடிந்து ஒரு தலைமுறைக்குப் பின், 1890-களிலிருந்து 1920-கள் வரை எழுந்தவை. அதாவது வாக்குரிமை பறிக்கப்பட்டு, இனப் பிரிவினைச் சட்டங்கள் நிலைபெற்ற அதே ஆண்டுகள். அவற்றை 1861-இன் மனநிலைக்குச் சான்றாக வைக்காமல், அவை எழுப்பப்பட்ட காலத்தின் அரசியலுக்குச் சான்றாக வையுங்கள்.

கட்டுரையை எந்த ஆண்டில் முடிப்பது என்பது நீங்கள் எடுத்துக்கொண்ட விளைவைப் பொறுத்தது. அதைத் தொடக்கத்திலேயே வாசகருக்குச் சொல்லிவிடுங்கள். படைகளின் போர் என்றால் கூட்டமைப்பின் தளபதி ராபர்ட் லீ சரணடைந்த 1865 ஏப்ரல் 9-ஐ ஒட்டி முடிக்கலாம். அடிமை முறை என்றால், விடுதலைச் செய்தி டெக்சாஸின் கால்வெஸ்டனுக்கு வந்த 1865 ஜூன் 19-ஐயும் தாண்டி, 13-ஆம் திருத்தம் நிறைவேறிய அந்த ஆண்டு டிசம்பர் வரை போக வேண்டும். கென்டக்கியிலும் டெலாவேரிலும் அடிமைகளாக இருந்தவர்கள் அப்போதுதான் சட்டப்படி விடுதலை பெற்றார்கள். ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் இடையிலான அதிகாரம் என்றால் 1877 பொருத்தமான எல்லை. வாக்குரிமை என்றால், 1965-இல் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறி ஒன்றிய அதிகாரிகள் தென்மாநில மாவட்டங்களுக்குச் சென்று வாக்காளர்களைப் பதிவுசெய்யத் தொடங்கும்வரை எழுத வேண்டியிருக்கும்.